அசல் சான்றிதழைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ கணிதப் பிரிவு படிக்கிறாள். நான் கட்டட வேலைக்குப் போகிறேன். எங்கள் குடும்பத்தில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. ஐயாயிரம் ரூபாயும் பத்தாம் வகுப்பு அசல் மதிப்பெண் சான்றிதழும் கொடுத்தால், பொறியியல் சீட்டும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு தாய், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவே வழக்கமாக மே மாதம்தான் தொடங்கும். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்‑ஆஃப் போட்டு, அந்த வரிசையில்தான் இடம். தேர்வே எழுதாத பிள்ளைக்கு இவர் எந்த சீட்டை உறுதி செய்கிறார்? கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீட்டைத்தான். கல்லூரி அவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கொடுக்கும். முதல் பட்டதாரி சலுகை அந்த சீட்டுக்குக் கிடையாது, கலந்தாய்வில் வரும் இடத்துக்கு மட்டும்தான். இதை அவர் வாயே திறந்திருக்க மாட்டார். சேர்ந்த பிறகு மனம் மாறினால், அசல் சான்றிதழ் அவர்கள் பிடியில் இருக்கும்.

உங்கள் மகளுக்கு அதைவிடப் பெரிய வழி ஒன்று உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டும். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஆசிரியருக்கு அரசு சம்பளம், சத்துணவு, இலவசப் புத்தகம் எல்லாம் இருந்தாலும் சேராது. நகராட்சி, மாநகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி சேரும். எட்டாவது வரை கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதாவது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் சேர்த்தி. பெயர்ப்பலகையில் 'அரசு உதவி பெறும்' என்று இருக்கிறதா என்று ஒருமுறை நின்று படித்துவிடுங்கள். பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு தலைமையாசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்கி வையுங்கள். எமிஸ் எண் என்று ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடையாள எண் கொடுத்துப் பிள்ளையின் ஜாதகத்தையே கணினியில் வைத்திருப்பவர்கள், நம்மை எதற்குக் காகிதத்தோடு அலைய விடுகிறார்களோ தெரியவில்லை!

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இப்போதே இ‑சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று ஏறி இறங்க வேண்டும். மே மாதம் போனால் ஊரே அங்கே நிற்கும். சாதி, வருமானச் சான்றுகளையும் கையோடு பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பதிவு செய்யக் கலந்தாய்வு உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கே உதவிக்குக் காசு கிடையாது. பிரவுசிங் சென்டருக்குத்தான் போவீர்கள் என்றால், கடைக்காரர் தன் கைப்பேசி எண்ணைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடிபி அவருக்குப் போகும், கல்லூரியையும் அவரே தேர்ந்தெடுத்துவிடுவார்.