வீட்டுக்காரர் பில்லில் கிடக்கும் டீச்சரின் காசு

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் ஒரு வாடகை வீட்டில் இருந்தேன். மின்சார பில் வீட்டுக்கார ஐயாவின் பெயரில். 2023 கடைசியில் பில் ஏறிக் கிடந்தபோது, மாதம் 6,000 ரூபா என் வங்கிக் கணக்கிலிருந்து அதற்குப் போகும்படி ஸ்டாண்டிங் ஓர்டர் போட்டேன். பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. மூதூருக்கு இடமாற்றம் வந்து 2025 ஜூன் 30 சாவியைக் கொடுத்துவிட்டேன். ஜூன் 12 பில்லில் 36,400 ரூபா மைனஸாக, அதாவது நான் கூடுதலாகக் கட்டிய வரவாக, நின்றது. ஓர்டரை நிறுத்த மறந்ததில் ஜூலை, ஓகஸ்ட் இரண்டு மாதமும் 6,000 போய்விட்டது. கேட்டால், "பில் என் பெயரில், அதில் கிடப்பதும் எனக்குத்தான்" என்கிறார். இப்போது அங்கே குடியிருப்பவர் மாதாமாதம் பில் காசை அவர் கையில் கொடுப்பதாகச் சொன்னார். பொலிசுக்குப் போகலாமா? மின்சார சபைக்கு எழுதலாமா?

பதில்: பொலிசுக்கு வேண்டாம், டீச்சர். நீங்களாகவே கட்டிய காசு இது. மோசடி என்று முறைப்பாடு எழுதினால், "இது சிவில் விசயம்" என்று திருப்பி அனுப்புவார்கள். வீட்டுக்காரரோடு உள்ள கொஞ்ச நஞ்ச முகமும் முறிந்துவிடும்.

மின்சார சபைக்கு எழுதுவதிலும் பெரிய பலன் இல்லை. சபையைப் பொறுத்தவரை வாடிக்கையாளர் என்பது கணக்கில் பெயர் உள்ளவர். காசை யார் கட்டினார் என்று சபை பார்ப்பதில்லை. எந்தக் கணக்கு இலக்கத்துக்குக் கட்டப்பட்டது என்றுதான் பார்க்கும். கூடுதலாக வந்தது அங்கேயே வரவாக நின்று, அடுத்தடுத்த பில்லில் கழியும். அதை வெளியே எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பதானாலும் வீட்டுக்காரர்தான் கையொப்பம் வைக்க வேண்டும். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதச் சொல்லிச் சிலர் உங்களுக்குப் புத்தி சொல்வார்கள். சபைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்கு என்றால் அது சரி. உங்கள் பிணக்கு வீட்டுக்காரரோடு.

அவர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. சபையிடம் அந்த மீதியைக் கேட்கும் உரிமை அவருடையதுதான். ஆனால் சபையிடம் கேட்கும் உரிமை வேறு, உங்கள் காசை வைத்துக்கொள்ளும் உரிமை வேறு. ஒல்லாந்தர் இங்கே கோட்டையோடு சேர்த்துத் தங்கள் சட்டத்தையும் விட்டுப்போனார்கள். ஒருவர் நியாயமான காரணம் எதுவும் இல்லாமல் இன்னொருவரின் செலவில் இலாபமடைந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அந்த உரோமன்-டச்சுச் சட்டத்தின் பழைய விதி. நம் நீதிமன்றங்களில் அது இன்றைக்கும் செல்லும். இதற்கு உங்களுக்குள் எழுத்தில் ஒப்பந்தம் இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

உங்கள் காசை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். வெளியேறிய பிறகு போன 12,000 ரூபா சுலபமானது. கடன் இல்லாத இடத்துக்குத் தவறுதலாகப் போன காசு அது. 36,400 அப்படியல்ல, இங்கேதான் அவருடைய பக்கத்தவர் உங்களை மடக்கப் பார்ப்பார். "மின் கட்டணம் குறைந்தது ஊருக்கே தெரியும். ஓர்டரைக் குறைக்காமல் விட்டது உங்கள் கவலையீனம். கவனிக்காதவருக்குச் சட்டம் கைகொடுக்காது" என்பார். அதில் விசயம் இல்லாமலில்லை. 2024 மார்ச்சில் ஒரு முறை கட்டணம் குறைந்தது. ஜூலையில் சராசரியாக 22.5 வீதமும், 2025 ஜனவரியில் 20 வீதமும் குறைந்தது. ஜூனில்தான் 15 வீதம் திரும்ப ஏறியது. பதினைந்து மாதம் ஒரு பில்லையும் பார்க்கவில்லையா என்று எந்த நீதிபதியும் கேட்பார்.

அதனால் 36,400ஐத் தவறுதலாகக் கட்டினேன் என்று எழுதாதீர்கள். இனி நான் பாவிக்கப்போகும் மின்சாரத்துக்காக முன்கூட்டியே கட்டி வைத்தேன், வீட்டை விட்டதோடு அந்த நோக்கம் முடிந்துவிட்டது, ஆகவே பாவிக்காத பங்கைத் திருப்பித் தாருங்கள் என்று எழுதுங்கள். நடந்ததும் அதுதான். நோக்கம் நிறைவேறாமல் போன கொடுப்பனவைத் திருப்பிக் கேட்பதற்கு அதே சட்டத்தில் தனி வழி உண்டு. கவலையீனம் என்ற வாதம் அதில் அவ்வளவாக எடுபடாது.

இன்னொரு வாதமும் வரும்: "என் கையில் ஒரு சதமும் வரவில்லை, அது பில்லில் உள்ள ஒரு எண்தானே." புதிதாக வந்தவர் நேரே சபைக்குக் கட்டிக்கொண்டு, மீதி அப்படியே நின்றிருந்தால் இதற்குக் கொஞ்சம் பதில் தேட வேண்டியிருக்கும். இங்கே அவர் பில் காசைக் கையில் வாங்குகிறார், பில்லோ உங்கள் வரவிலிருந்து கழிகிறது. மாதாமாதம் உங்கள் காசுதான் நோட்டாக மாறி அவர் பைக்குப் போகிறது. வழக்கென்று வந்தால் உங்களுக்கு இதைவிட நல்ல சாட்சியம் கிடைக்காது.

கேட்கும் தொகையில் நேர்மையாக இருங்கள். ஜூன் 12 மீற்றர் பார்த்த பிறகு 30 வரை 18 நாள் அங்கே இருந்திருக்கிறீர்கள். அதற்கு ஏறக்குறைய 2,000 ரூபா வரும் என்று வைத்தால் 34,400. அதோடு பின்னால் போன 12,000. மொத்தம் 46,400. அந்தப் பதினெட்டு நாளை நீங்களே கழித்து எழுதினால் அவருக்குப் பிடித்துத் தொங்க ஒன்றும் இருக்காது. மின் இணைப்பு எடுத்தபோது சபைக்குக் கட்டிய வைப்புப் பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அது அவர் கட்டியது.

வங்கியில் 2023இலிருந்து கணக்கு அறிக்கை எடுங்கள். ஜூன் 12 பில்லும் சாவி கொடுத்த நாளைக் காட்டும் வட்ஸ்அப் செய்தியும் வேண்டும். இவற்றின் பிரதிகளோடு, 14 நாள் தவணை வைத்து, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், கணக்கு மட்டும் போதும்.

பதில் வராவிட்டால் அடுத்தது மத்தியஸ்த சபை, ஊர்ப் பேச்சில் இணக்கசபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, இந்த அளவு காசுக்கு முதலில் அங்கே போகாமல் நேரே வழக்குப் போட முடியாது. நீங்கள் மூதூரில் இருந்தாலும் அவர் இருக்கும் இடத்துச் சபைக்குத்தான், அதாவது திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரிவுக்குத்தான், விண்ணப்பிக்க வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது. சட்டத்தரணியான எனக்கு அதில் வருமானம் இல்லை, ஆனாலும் போகச் சொல்கிறேன். இப்படிப்பட்ட விசயங்கள் பெரும்பாலும் அந்த மேசையிலேயே முடிந்துவிடும். நீதிமன்றப் படி ஏறினால் செலவு 46,400ஐத் தின்றுவிடும். ஒருமுறையாகத் தர முடியாது என்று அவர் சொன்னால், மாதம் இவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இணங்காவிட்டால் இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு எடுங்கள், அது இல்லாமல் வழக்குப் பதிய முடியாது.

காலத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள். எழுத்தில் உடன்படிக்கை இல்லாத இப்படியான காசுக்கு 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் மூன்று வருடமே தருகிறது. உங்களுக்குக் கூடுதலாகப் போகத் தொடங்கியது 2024 மார்ச்சில். பாதுகாப்பாக அங்கிருந்தே எண்ணினால் 2027 மார்ச்சுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

கடிதம் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இப்போது அங்கே இருப்பவரிடம் அந்த மாதங்களின் பில்லைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கடிதம் கிடைத்த பிறகு கேட்டால் தயங்குவார், அவரும் அதே வீட்டில்தானே இருக்க வேண்டும்.