பின்லாந்துக் கிராமத்தில் இலையுதிர் காலத்தில் என்ன செய்வீர்கள்? இருட்டில் மனம் சோர்ந்துவிடாதா?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், கல்யாணமாகியோ வேலை கிடைத்தோ இந்தப் பக்கம் வரப்போகிறவர் என்று தோன்றுகிறது. யாரோ நன்றாகப் பயமுறுத்தியும் இருக்கிறார்கள். என்னையும் அப்படித்தான் பயமுறுத்தினார்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இருப்பது கய்னூ மாகாணத்தில், கயானி நகரத்தைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊர். என் கணவர் பிறந்து வளர்ந்த வீடு. ஹெல்சின்கியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் "இங்கே அப்படியெல்லாம் இல்லையே" என்று பின்னூட்டம் போட வேண்டாம். அங்கே இல்லைதான். நான் என் ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இருட்டு உண்மை. செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சரிசமமாக இருக்கும். அப்புறம் பகல் நாளுக்கு ஆறு நிமிடத்துக்கும் மேல் குறைந்துகொண்டே போய், நவம்பர் முடியும்போது ஐந்து மணி நேரம் போல வெளிச்சம் இருந்தால் பெரிது. ஆனால் அதற்குள் குளிர்காலத்துக்கு வீட்டை நிரப்பியாக வேண்டும். இலை சிவந்திருப்பதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை.

செப்டம்பர் என்றால் லிங்கன்பெர்ரி. சுண்டைக்காயை விடச் சின்னதாக, சிவப்பாக, புளிப்பும் லேசான கசப்பும் கலந்த பழம். இங்கே யாருடைய காட்டிலும் யாரும் போய்ப் பறிக்கலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை; வீட்டு முற்றத்தையொட்டிப் போகக் கூடாது, அவ்வளவுதான். பறித்ததை விற்றால் அந்தக் காசுக்கு வரியும் கிடையாது. சீப்பு வைத்த கைப்பெட்டியால் வாரிக்கொண்டு வந்தால், பழத்தோடு இலை, பாசி, குச்சி எல்லாம் சேர்ந்து வரும். என் மாமியார் ஒரு பலகையைச் சாய்த்து வைத்து, அதன்மேல் நனைத்த துவாலையை விரித்து, மேலிருந்து பழத்தைக் கொட்டுவார். பழம் உருண்டு கீழே வாளியில் விழும். இலையும் தூசியும் ஈரத் துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். முறத்தில் புடைத்து வளர்ந்த எனக்கு அதைப் பார்த்த அன்றே இந்த வீடு பிடித்துப்போனது.

இந்தப் பழத்திலேயே பென்சாயிக் அமிலம் இருப்பதால் சீக்கிரம் கெடாது. மசித்து வாளியில் வைத்தால் சர்க்கரை போடாமலே மாதக்கணக்கில் இருக்கும். ரவையோடு சேர்த்து வேகவைத்து, ஆறிய பிறகு நுரைக்க நுரைக்க அடித்து, ரோஸ் நிறத்தில் ஒரு கஞ்சி செய்வார்கள். பால் ஊற்றிச் சாப்பிட வேண்டும். நான் ஒரு பங்கை எடுத்து நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள் போட்டு ஊறுகாய் போடுகிறேன். மாமியார் அதை உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்கிறார்.

அடுத்தது விறகு. வசந்தத்தில் பிளந்து கோடை முழுக்கக் காயவைத்த பிர்ச் மர விறகை, மழை பிடிப்பதற்குள் கொட்டகையில் அடுக்க வேண்டும். இரண்டு துண்டைத் தட்டிப் பார்த்தால் காய்ந்தது 'ணங்' என்று கேட்கும். ஈரம் இருந்தால் சத்தம் மந்தமாக வரும். வீட்டு நடுவில் இருக்கும் செங்கல் அடுப்பைக் காலையில் எரித்துவிட்டால் மறுநாள் வரை சுவரே சூடாக இருக்கும். புகைபோக்கியின் தகட்டை மட்டும் அவசரப்பட்டு மூடக் கூடாது. தணலில் நீலச் சுடர் துளியும் இல்லாமல் போன பிறகுதான் மூட வேண்டும். இல்லையென்றால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வந்து தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். வருஷத்துக்கு ஒரு முறை புகைபோக்கி சுத்தம் செய்கிறவரும் வந்தாக வேண்டும். ரொட்டி சுட்ட பின் மிச்சமிருக்கும் சூட்டில் இறைச்சிப் பானையை உள்ளே தள்ளிவிட்டால் விடிவதற்குள் பஞ்சாக வெந்திருக்கும். அக்டோபரில் எங்கள் காட்டில் மூஸ் என்கிற பெரிய மானை வேட்டை ஆடுகிறவர்கள் பங்கு கொடுப்பார்கள். அந்தக் கறிக்கு நம் மிளகும் சோம்பும் அருமையாகச் சேரும்.

என் சித்தி போனில், "இன்ஜினியரிங் படிச்சிட்டு அங்க போய் விறகா அடுக்குறே?" என்று கேட்டார். ஆமாம், அடுக்குகிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. காலையில் கணினியில் வேலை, மதியத்துக்கு மேல் கொட்டகை. நான் அடுக்கிய விறகின் சூட்டில்தான் ஜனவரியில் என் பிள்ளைகள் தூங்குகிறார்கள். இதில் கௌரவக் குறைச்சல் எங்கே வந்தது? மனச்சோர்வே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அது நோய், வந்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். எனக்கு நவம்பரைத் தாண்ட வைப்பது இந்த வேலைதான்.

எனக்கு ஆற்றாமை வருவது இருட்டால் அல்ல, பள்ளிக்கூடத்தால். நடந்து போகும் தூரத்தில் இருந்த பள்ளியை, பிள்ளைகள் குறைவு என்று மூடிவிட்டார்கள். 5 கிலோமீட்டருக்கு மேல் என்றால் வண்டி இலவசம்தான், மறுக்கவில்லை. ஆனால் 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் வரை பள்ளிப் பயணத்தில் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. இருட்டில் ஏறி இருட்டில் இறங்குகிற சின்னவனைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கணக்குப் பார்த்து மூடியவர்கள் ஒரு நவம்பர் காலையில் அந்தச் சாலை முனையில் வந்து நின்றிருக்க வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வண்டி விளக்குப் பட்டால் பளிச்சென்று மின்னும், கோட்டில் தொங்கவிடுகிற பிரதிபலிப்பு வில்லையை வந்த அன்றே வாங்குங்கள். இருட்டில் நடப்பவர் அதை அணிய வேண்டும் என்பது இங்கே சட்டம். அக்டோபரில் காளான் பறிக்கப் போனால் ஆரஞ்சு நிறத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், வேட்டைக்காரர்கள் இருப்பார்கள். ரப்பர் பூட்ஸ் இங்கேயே நல்லதாகக் கிடைக்கும். பெருங்காயம் மட்டும் ஊரிலிருந்து கொண்டு வாருங்கள்.