பாபநாசத்துக்கு டிக்கெட், அம்பாசமுத்திரத்தில் இறக்கம்

கேள்வி: எனக்கு ஊர் பாபநாசம். போன மாதம் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு, நானும் என் மனைவியும் ராத்திரி திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் போர்டு போட்ட அரசுப் பேருந்தில் ஏறினோம். பாபநாசத்துக்கே டிக்கெட் எடுத்தோம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி எல்லாம் தாண்டி அம்பாசமுத்திரம் வந்ததும், "வண்டி இத்தோட நிக்கும், பின்னால ஒரு வண்டி வருது, அதுல போயிக்கிடுங்க" என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து வந்த வண்டியில் பழைய டிக்கெட்டைக் காட்டினால், "அது வேற டெப்போ, எனக்குத் தெரியாது" என்று புது டிக்கெட் போட்டு இருவருக்கும் 20 ரூபாய் வாங்கிவிட்டார்கள். லண்டனில் இருக்கும் என் மகன், அங்கே அடுத்த பஸ்ஸுக்குக் காசு கிடையாது என்கிறான். இங்கே அப்படிச் சட்டம் எதுவும் இல்லையா? இன்னொன்று. என் மகள் அம்பாசமுத்திரத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாள். மகளிர் கட்டணமில்லா டிக்கெட்டில் அவள் வரும் டவுன் பஸ்ஸையும் இரண்டு தடவை விக்கிரமசிங்கபுரத்தோடு நிறுத்திவிட்டார்கள். கேட்டதற்கு, "ஓசியில வந்துட்டு இவ்வளவு பேச்சா" என்றாராம் கண்டக்டர். அவளுக்கு உரிமையே கிடையாதா?

பதில்: அண்ணாச்சி, முதலில் அந்த டிக்கெட்டுகளை எடுத்துப் பாருங்கள், எழுத்து இன்னும் தெரிகிறதா? மெஷினில் வரும் அந்தத் தாளில் மை கிடையாது, சூட்டில் எழுத்து விழுகிற ரகம். சட்டைப் பையிலும் வெயிலிலும் கிடந்தால் சில மாதங்களில் மங்கி வெறும் தாளாகிவிடும். இரண்டு பஸ்ஸிலும் வாங்கிய டிக்கெட்டுகளை இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் படம் பிடித்துவிட்டு மீதியைப் படியுங்கள். இந்த மாதிரி வழக்கில் கையில் இருக்கும் ஒரே பெரிய சாட்சி அதுதான்.

லண்டன் கதையை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் மகன் சொல்வது சரி. 2016 செப்டம்பரிலிருந்து அங்கே ஒரு பஸ்ஸில் காசு கழிந்தால், அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏறும் இன்னொரு பஸ்ஸுக்குக் காசு கிடையாது. 2018 ஜனவரியிலிருந்து அந்த ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். ஆனால் அங்கே எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம்தான். ஏறும்போது கார்டைத் தொட்டால் போதும், எங்கே இறங்குவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. வண்டி நின்றாலும் நிற்காவிட்டாலும் கிடைக்கிற சலுகை அது. நம் பக்கம் அப்படி ஒன்று இல்லை.

உங்களுக்கு அது தேவையும் இல்லை. நம் ஊர் டிக்கெட்டில் ஏறிய இடம், இறங்கும் இடம், கட்டணம் மூன்றும் அச்சாகி வருகிறது. "இவ்வளவு காசு வாங்கிக்கொண்டு உங்களைப் பாபநாசத்தில் இறக்கிவிடுகிறோம்" என்பது அந்தச் சின்னத் தாளில் எழுதியிருக்கும் ஒப்பந்தம். அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் வரைக்கும் நீங்கள் இலவசப் பயணம் கேட்கவில்லை, ஏற்கெனவே காசு கொடுத்த தூரத்தின் மிச்சத்தைக் கேட்கிறீர்கள். அதிகாரியிடம் பேசும்போதும் மனு எழுதும்போதும் "இலவசம்" என்ற சொல்லே உங்கள் பக்கத்திலிருந்து வரக்கூடாது.

அடுத்தது, "வேற டெப்போ" என்ற பதில். சட்டத்தின் கண்ணில் டெப்போ என்று தனி ஆள் யாரும் இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகம் ஒவ்வொன்றும் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான ஒரு நிறுவனம், டெப்போக்கள் அதன் கிளைகள். உங்களிடம் காசு வாங்கியதும், மறுபடி காசு வாங்கியதும் ஒரே கழகம் என்றால் அது ஒரே தூரத்துக்கு இரண்டு தடவை வசூல். இரண்டு டிக்கெட்டின் தலைப்பிலும் கழகத்தின் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்தது வேறு கோட்டத்துக் கழகத்தின் வண்டியாகவோ தனியார் வண்டியாகவோ இருந்திருந்தால் அவர்கள் டிக்கெட் கேட்டது தப்பில்லை. அப்போது மிச்சத் தூரத்துக்கான காசை முதல் வண்டிக்காரர்கள் திருப்பித் தந்திருக்க வேண்டும்.

இரண்டாவது கண்டக்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரை முழுக்கக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வழியில் செக்கர் ஏறினால் தலையை எண்ணுவார், மெஷினில் விழுந்த டிக்கெட்டை எண்ணுவார். கணக்கு இடித்தால் அது கண்டக்டர் தலையில்தான் விழும். வண்டி பழுதாகி நிற்கும்போது முதல் கண்டக்டர் பக்கத்திலேயே நின்று, பின்னால் வரும் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, இத்தனை பேர், இந்த இடம் வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள் என்று சொல்லி, சீட்டில் எழுதிக்கொடுத்து ஏற்றிவிடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உங்கள் முதல் கண்டக்டர் அதைச் செய்யாமல் போய்விட்டார். தப்பு அங்கேதான் தொடங்குகிறது.

இதை அவருடைய நல்ல மனசைப் பொறுத்த விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். வண்டி மேற்கொண்டு போக முடியாமல் நின்றால் பயணிகளை வேறு வண்டியில் அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும், அரை மணி நேரத்துக்குள் முடியாவிட்டால் கேட்பவருக்கு மிச்சத் தூரத்துக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பதைக் கண்டக்டரின் கடமைகளில் ஒன்றாகவே பல மாநிலங்களின் மோட்டார் வாகன விதிகள் எழுதி வைத்திருக்கின்றன. அந்த விதியைத் தொடாமலே 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தை வைத்தும் இதே இடத்துக்கு வந்து சேரலாம்.

சரி, வண்டி ஏன் நின்றது? இதில்தான் வழக்கின் கனமே இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது நம் மாவட்டத்தில் வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. அதற்கு யாரிடமும் நஷ்டஈடு கேட்க முடியாது. ஆனால் அப்படிப்பட்ட நேரத்தில்கூட, நடத்திக்கொடுக்க முடியாமல் போன மிச்சத்துக்கு வாங்கிய காசை வைத்துக்கொள்ளும் உரிமை கழகத்துக்கு இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65 பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால் இது கிடைக்கும்.

உங்கள் விஷயத்தில் மழையும் இல்லை, வண்டியில் பழுதும் இல்லை. டிரிப்பைக் கட் செய்திருக்கிறார்கள். டிரைவருக்கு டியூட்டி நேரம் முடிந்துவிட்டது என்பார்கள். தொழிலாளர் சட்டம் சாதாரணமாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை என்கிறது, நியாயம்தான். தூக்கக் கலக்கத்தில் ஒருவர் ஸ்டியரிங் பிடிப்பதை நானும் விரும்பமாட்டேன். ஆனால் டியூட்டியை அதற்கேற்ற மாதிரி போடுவது நிர்வாகத்தின் வேலை, அதற்கான காசைப் பயணியிடம் வசூலிக்க முடியாது.

நான் உங்கள் வக்கீலாக இருந்தால் ஒரே ஒரு கேள்வியைத்தான் துருவுவேன். வண்டி அம்பாசமுத்திரத்தோடு நிற்கும் என்பது திருநெல்வேலியில் டிக்கெட் போடும்போதே அவர்களுக்குத் தெரியுமா? தெரிந்தும் பாபநாசம் போர்டோடு ஓட்டி, பாபநாசத்துக்கு டிக்கெட் போட்டிருந்தால் விஷயம் வேறு. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11) பிரிவு, நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே சொல்கிறது. 20 ரூபாய் வழக்கு அப்போது 20 ரூபாய் வழக்காக இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அலுப்போடு, ராத்திரி நேரத்தில் முக்கால் மணி நேரம் தெருவில் நின்ற மன உளைச்சலுக்கும் சேர்த்துக் கேட்கலாம்.

இதைக் கண்டுபிடிக்க வழி தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். அந்தத் தேதியில், அந்த எண்ணுள்ள பேருந்தின் ட்ரிப் ஷீட் நகல், அந்தத் தடத்துக்கு அனுமதிக்கப்பட்ட கால அட்டவணை, அன்றைக்கு அந்த நடை எங்கே முடிந்தது, நிறுத்தச் சொன்னது யார், என்ன காரணம் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று கேட்காதீர்கள், அதற்கு ஒரு வரி மழுப்பல்தான் வரும். ஆவணத்தின் நகலைக் கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

கூடவே கிளை மேலாளருக்கும் நிர்வாக இயக்குநருக்கும் பதிவுத் தபாலில் ஒரு புகார் போடுங்கள். ஒரு பக்கம் போதும். தேதி, நேரம், வண்டி எண், இரண்டு டிக்கெட்டின் எண்கள், எங்கே இறக்கிவிட்டார்கள், எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தீர்கள், என்ன வேண்டும், இவ்வளவுதான். முதலமைச்சர் உதவி மையம் 1100, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இரண்டிலும் பதிவு செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே யாராவது போனில் கூப்பிட்டுப் பேசிவிடுவார்கள்.

யாரும் கூப்பிடவில்லையா, மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. இதை ஒரு வக்கீலே எழுதுகிறேன் என்று என் சகாக்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

இப்போது உங்கள் மகள். "ஓசி" என்ற பேச்சு கிடக்கட்டும், அதற்குள் ஒரு நிஜமான சட்டச் சிக்கல் இருக்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே 8 முதல் நடப்பில் இருக்கிறது, இப்போது மகளிர் விடியல் பயணம் என்கிறோம். ஆனால் நுகர்வோர் சட்டம், முழுக்க இலவசமாகத் தரப்படும் சேவையைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. கழகத்தின் வக்கீல் எடுத்த எடுப்பில் இதைத்தான் பிடிப்பார்.

நம் பதில் இது. அந்தப் பயணம் கழகத்தைப் பொறுத்தவரை இலவசம் அல்ல. அந்தச் செலவை மாநில அரசு கழகங்களுக்கு ஈடுகட்டுகிறது. அதனால்தான் காசு வாங்காவிட்டாலும் டிக்கெட் கிழித்துக் கணக்கு வைக்கிறார்கள். 1995இல் உச்ச நீதிமன்றம் இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி.சாந்தா வழக்கில், சிலரிடம் காசு வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரியில் இலவசமாக வந்தவரும் நுகர்வோர்தான் என்றது. நோயாளிக்காக வேறொருவர் செலவை ஏற்றாலும் அப்படியே. அதே பஸ்ஸில் ஆண்கள் காசு கொடுத்து வருகிறார்கள், பெண்களுக்காக அரசு கொடுக்கிறது. வாதம் பலமானதுதான். என்றாலும் அது ஆஸ்பத்திரித் தீர்ப்பு, பஸ்ஸுக்குப் பொருத்திக் காட்டும் பாரம் நம் மேல் இருக்கும்.

அதனால் மகளுக்கு நான் வேறு வாசலைச் சொல்வேன். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்கீழ் நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று ஒன்று இருக்கிறது. அது விசாரிக்கும் சேவைகளில், அந்தச் சட்டம் சாலை வழியாகப் பயணிகளை ஏற்றிச்செல்லும் போக்குவரத்தைப் பொதுப் பயன்பாட்டுச் சேவை என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அங்கே நீங்கள் நுகர்வோரா, காசு கொடுத்தீர்களா என்ற கேள்விக்கே இடமில்லை. கோர்ட் கட்டணமும் கிடையாது. தவிர, அதே சட்டத்தின் 12வது பிரிவுப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய் ஒரு மனு கொடுத்தால் போதும். இரண்டு தடவை நடந்திருப்பதால், காசைவிட அந்த டவுன் பஸ்ஸைக் கடைசி வரைக்கும் ஓட்டச் சொல்லிக் கேட்பதுதான் அவளுக்குப் பிரயோஜனம். கண்டக்டர் பேசிய பேச்சைத் தனிப் புகாராகக் கிளை மேலாளருக்கு எழுதட்டும், இரண்டையும் கலக்க வேண்டாம்.

வண்டியைப் பாதியில் நிறுத்தினால், அவள் இன்னொரு சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் ஏறினால் பிரச்சினையே இல்லை, அங்கேயும் கட்டணமில்லா டிக்கெட் கிடைக்கும். பின்னால் வருவது மொபசல் (வெளியூர்) வண்டியாகவோ தனியார் மினி பஸ்ஸாகவோ இருந்தால் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். கொடுத்துவிட்டு டிக்கெட்டை வைத்துக்கொள்ளட்டும், அது மனுவில் சேரும்.

அடுத்த தடவை இப்படி நடந்தால், வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்னால் டிக்கெட்டின் பின்பக்கம் "அம்பாசமுத்திரத்தில் நிறுத்தப்பட்டது" என்று நேரம் போட்டுக் கையெழுத்து கேளுங்கள். மாட்டேன் என்றால் நிலையத்தில் டைம் கீப்பரிடம் கேளுங்கள். அந்தக் கையெழுத்து இல்லாமல், பழைய டிக்கெட்டை மட்டும் நம்பி அடுத்த வண்டியில் சண்டை போட்டுக்கொண்டு உட்காராதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 178வது பிரிவில் டிக்கெட் இல்லாப் பயணத்துக்கு 500 ரூபாய் வரை அபராதம் இருக்கிறது. செக்கர் ஏறினால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் அன்றைக்கு அலைச்சல் உங்களுக்குத்தான். நீங்கள் செய்தது போல 20 ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்ததே சரி. எங்கே மனு கொடுத்தாலும் டிக்கெட்டின் நகலைக் கொடுங்கள், அசல் உங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருக்கட்டும்.