மண்ணு போட்டு மூடறதுக்கு முன்னாடி: வீடு கட்டறவங்க கேள்வி பதில்

கேள்வி: சார், ஃபவுண்டேஷனுக்கு குழி தோண்டி கம்பியும் கட்டியாச்சு. சிட்டி இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமைதான் வர முடியும்ங்கறாரு. கான்ட்ராக்டர் என்னடான்னா சனிக்கிழமைக்கே கான்கிரீட் வண்டி சொல்லிட்டேன், போட்டோ எடுத்து வச்சிக்கிட்டு போட்டுடலாம்ங்கறாரு. போடலாமா?

பதில்: போடாதீங்க. வண்டிய கேன்சல் பண்ணுங்க, அதுக்கு ஏதாவது காசு போனாலும் போகட்டும். கான்கிரீட் விழுந்தப்பறம் உள்ள என்ன இருக்குன்னு கடவுளுக்கும் கொத்தனாருக்கும்தான் தெரியும். இன்ஸ்பெக்டர் வந்து பாக்கறது நாலு விஷயம்தான், குழி அடியில மண்ணு கெட்டியா இருக்கா இல்ல தண்ணி நின்னு சேறா கிடக்கா, கம்பி சைஸும் இடைவெளியும் பிளான்ல உள்ளபடி இருக்கா, ஒட்டு போட்ட இடத்துல ஓவர்லேப் போதுமா, கம்பிக்கு அடியில கவர் பிளாக், அதாவது கம்பிய மண்ணுலேர்ந்து தூக்கி நிறுத்தற சின்னக் கட்டை, வச்சிருக்கா. இந்த கடைசி விஷயத்துலதான் நிறைய பேர் மாட்டுவாங்க. கம்பி நேரா மண்ணுல படுத்துக் கிடந்தா ஈரம் ஏறி துருப்பிடிக்கும், அதனால ஃபூட்டிங்குக்கு, அதாவது அஸ்திவாரத்தோட அடிப்பாகத்துக்கு, அந்தந்த நாட்டு கோடு (கட்டட விதி) பொறுத்து 50 மில்லிமீட்டர்லேர்ந்து 75 மில்லிமீட்டர் வரைக்கும் கான்கிரீட் மூடணும்னு கேப்பாங்க. போட்டோல அது தெரியவே தெரியாது. போட்டோ ஓகேன்னு சிட்டி ஆபீஸ்ல முன்கூட்டியே எழுத்துல சொல்லியிருந்தா அது வேற கதை.

நானே பட்டதத்தான் சொல்றேன். எங்க வீட்டுல தரைக்கு அடியில டிரெயினேஜ் பைப் போட்டாங்க, நான் ஆபீஸ் போயிருந்த நேரத்துல மேஸ்திரி மண்ணத் தள்ளி இடிச்சு சமமாக்கிட்டாரு. மறுநாள் காலைல இன்ஸ்பெக்டர் வந்து தரையப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, "பைப் எங்க?"ன்னாரு. நான் கீழ கைய காட்டினேன். இன்ஸ்பெக்ஷன் கார்டுல ஒரு வரி எழுதி கையில குடுத்துட்டு போயிட்டாரு. ரெண்டு நாள் தோண்டினோம், நான் பூரா நேரமும் அந்த இன்ஸ்பெக்டர திட்டிக்கிட்டே இருந்தேன், கடைசில பாத்ரூம் பக்கத்துல பைப் வளையற இடம் தெரிஞ்சதும் லெவல் வச்சுப் பாத்தா வாட்டம் உள்பக்கமா திரும்பியிருக்கு, அதாவது அழுக்குத்தண்ணி வெளிய போறதுக்கு பதிலா வீட்டுக்குள்ளயே திரும்பி வந்திருக்கும். அதுக்கப்பறம் பைப்புல தண்ணி ரொப்பி கால் மணி நேரம் நிக்க விட்டு ஒழுகலன்னு அவர் கண்ணால பாத்தப்பறம்தான் ஒரு கூடை மண்ணு போட விட்டேன்.

கேள்வி: என் இடம், என் காசு. இதுல சிட்டிக்காரங்க எதுக்கு உள்ள வரணும்? இதெல்லாம் பணம் புடுங்க இப்ப கண்டுபிடிச்ச வேலைதானே?

பதில்: கோவம் புரியுது, ஆனா இப்ப கண்டுபிடிச்சது இல்லைங்க. சுமார் 3,700 வருஷத்துக்கு முன்னாடி பாபிலோன்ல ஹம்முராபி சட்டத்துலயே இருக்கு, கட்டினவன் சரியா கட்டாம வீடு இடிஞ்சு வீட்டுக்காரன் செத்தா கட்டினவனுக்கு மரண தண்டனை. அதுல ஒரு குறை, வீடு விழுந்தப்பறம்தான் சட்டம் வரும். 1666ல லண்டன் நகரம் பத்தி எரிஞ்சு 13,000 வீட்டுக்கு மேல போனப்பறம், 1667ல வெளிச்சுவர் செங்கல்லயோ கல்லுலயோதான் இருக்கணும்னு சட்டம் போட்டாங்க, அளந்து பாக்க சர்வேயர்களையும் வச்சாங்க. அதுல ஒருத்தர் யாரு தெரியுமா, ஸ்பிரிங் விதின்னு ஸ்கூல்ல படிச்சோமே, அந்த ராபர்ட் ஹூக்தான். தெருத்தெருவா நின்னு அஸ்திவாரத்துக்கு முளை அடிச்சுக் குடுத்தவரு அவரு. உங்க வீட்டுல புடிக்கிற தீ பக்கத்து வீட்டுக்கும் போகும்ல, உங்க காசு உங்க இடம்ங்கற கணக்கு அங்க நிக்காது.

கேள்வி: பிளான் மூணாவது தடவையா திரும்பி வந்திருக்கு. ஆள் புடிச்சாதான் நடக்குமா?

பதில்: ஆள் புடிக்கறதுக்கு முன்னாடி அவங்க என்னென்ன குறைன்னு நம்பர் போட்டு எழுதிக் குடுத்த கமென்ட் ஷீட்ட முழுசா படிச்சீங்களா? என்கிட்ட வர்ற கேஸ்ல பாதிக்கு மேல வீட்டு டிசைன்ல பிரச்சனையே இருக்காது, பத்திரத்துல உள்ள அளவு ஒண்ணு, சர்வே அளவு இன்னொண்ணு, பிளான்ல போட்டது மூணாவது, அப்பறம் செட்பேக், அதாவது எல்லையிலேர்ந்து காலியா விட வேண்டிய இடம், இடிக்கும். ஒவ்வொரு கமென்ட் நம்பருக்கும் நேரா என்ன மாத்தினோம், எந்த ஷீட்ல மாத்தினோம்னு ஒரு லெட்டர் எழுதி சேத்துக் குடுங்க. "சரி பண்ணியாச்சு"ன்னு ஒத்த வரி எழுதினா பாக்கறவர் முதல்லேர்ந்து தேடணும், தேடினா புதுசா ரெண்டு தப்பு கண்ணுல படும். ஃபயர், தண்ணி, டிரெயினேஜ்னு தனித்தனி ஆளுங்க பாக்கறதால ஃபைல் இப்ப எந்த டேபிள்ல நிக்குதுன்னும் கேட்டு வச்சிக்கங்க.

கேள்வி: அப்ரூவல் வந்தப்பறம் பெட்ரூம் ஜன்னல கொஞ்சம் சின்னதாக்கிட்டோம். சொல்லணுமா?

பதில்: சொல்லணும். பெயின்ட் கலர், டைல்ஸ் மாத்தினீங்கன்னா யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா பெட்ரூம் ஜன்னல் நிறைய கோடுல தீ புடிச்சா தப்பிக்கற வழி. அமெரிக்க நகரங்கள் பலது பின்பற்றுற ஐஆர்சிங்கற வீட்டுக் கட்டட விதித் தொகுப்புல அந்த ஜன்னல் திறந்தா கிடைக்கிற வழி மட்டும் பொதுவா 5.7 சதுர அடி இருக்கணும், அதாவது ஃபயர்மேன் முதுகுல சிலிண்டரோட உள்ள நுழையணும். ரிவைஸ்டு பிளான் குடுத்துடுங்க. ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்ல மாட்டினா சுவர உடைக்கணும், குடிபோற சர்ட்டிஃபிகேட்டும் கைக்கு வராது.

கேள்வி: பெர்மிட் வாங்கியாச்சு, கையில காசு இல்ல. ஒரு வருஷம் கழிச்சு ஆரம்பிக்கலாமா?

பதில்: பெர்மிட் பேப்பர்லயே காலாவதி எப்பன்னு போட்டிருக்கும் பாருங்க. அதே ஐஆர்சில 180 நாளுக்குள்ள வேலை ஆரம்பிக்கலன்னா செல்லாது. தேதி முடியறதுக்கு முன்னாடியே காரணம் எழுதி எக்ஸ்டென்ஷன் கேளுங்க, முடிஞ்சப்பறம் போனா புது அப்ளிகேஷன் ஃபாரத்த நீட்டுவாங்க.