மேரிலண்டின் டோர்செஸ்டர் கவுண்டிக்கு இந்த வருடம் போனால் புதிதாக என்ன பார்க்கலாம்?

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாஷிங்டன் பக்கத்திலிருந்து ஒரு நாள் போய்வர நினைக்கிறேன், கடைசியாகப் போனது 2018இல், அதற்குப் பிறகு அங்கே என்ன வந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கவுண்டியின் தலைநகரான கேம்பிரிட்ஜ் ஊரில், கோர்ட் வாசலில், அடிமைகளைத் தப்பவைத்த ஹாரியட் டப்மனின் சிலை நிற்கிறது, அதை முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இந்தப் பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்களில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கவுண்டியைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருப்போம். ஓஷன் சிட்டி கடற்கரைக்குப் போகிறோம், செசபீக் விரிகுடா மேல் போகும் பே பிரிட்ஜைத் தாண்டுகிறோம், ஐம்பதாம் எண் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனதும் சாப்டாங்க் ஆற்றின் மேல் ஒரு நீளப் பாலம் வருகிறது, பக்கத்திலேயே 1935இல் கட்டிய பழைய பாலம் நடுவே அறுபட்டு மீன்பிடிக்கிற இடமாக நிற்கிறது, பிள்ளைகள் அதைப் பார்த்து ஏதோ கேட்பார்கள், பதில் சொல்வதற்குள் ஊர் போய்விடும். நானும் ஐந்தாறு வருடம் அப்படித்தான் போனேன். 2022 கடைசியில் அம்மா வந்திருந்தபோதுதான் முதன்முறையாகக் காரை உள்ளே திருப்பினோம். அதற்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறையாவது போகாமல் இருந்ததில்லை.

சரி, சிலை. ஹாரியட் டப்மன் இந்த மண்ணில் 1822 வாக்கில் அடிமையாகப் பிறந்தவர். 1849இல் தப்பிப் போனார், போனவர் போன இடத்தில் இருந்துவிடவில்லை, பதிமூன்று முறை திரும்பி வந்து அடிமைகளாக இருந்த எழுபது பேர் வரை தப்பவைத்துக் கூட்டிப் போனார். பிறந்து இருநூறு வருடம் ஆன 2022இல், செப்டம்பர் மாதம், வெஸ்லி வோஃபோர்டு என்ற சிற்பி செய்த வெண்கலச் சிலை இங்கே நிறுவப்பட்டது. வளர்ந்த டப்மனும் பத்து வயதுச் சிறுமி டப்மனும் ஒரே சிலையில் இருக்கிறார்கள். சிலையை விட அது நிற்கிற இடம் என்னை அதிகம் உலுக்கியது. அந்தக் கோர்ட் வாசல்தான் ஆட்களை ஏலம் விட்ட இடம். 1850 டிசம்பரில் டப்மனின் அக்கா மகள் கெஸையாவை, இரண்டு பிள்ளைகளோடு, அங்கே ஏலத்துக்கு நிறுத்தினார்கள். ஏலம் கேட்ட கூட்டத்தில் அவளுடைய கணவன் ஜான் பௌலியும் இருந்தான், அவன் சுதந்திர மனிதன், கப்பல் தச்சன். அவன் கேட்ட விலைதான் கடைசி விலை. பணத்தைக் கட்டு என்று கூப்பிட்டபோது ஆளில்லை. மறுபடி ஏலத்தைத் தொடங்கலாம் என்று பார்த்தால் அவளும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. பக்கத்திலேயே ஒரு வீட்டில் ஒளிந்திருந்து, இருட்டியதும் சிறு படகில் விரிகுடா வழியாக பால்டிமோர் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே காத்திருந்தவர் டப்மன். அவர் நடத்திய முதல் மீட்பு இது. அன்றிருந்த கட்டடம் 1852இல் எரிந்துவிட்டது, இப்போது பார்ப்பது அதற்குப் பின் கட்டியது, ஆனால் இடம் அதே இடம். நான் இதைச் சொல்லச் சொல்ல அம்மா அந்தப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளைங்க அழாம இருந்துச்சுங்களாடா படகுல?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் ரேஸ் தெருவில் டப்மன் அருங்காட்சியகத்தின் சுவர் இருக்கிறது, நீங்கள் போனபோது வெறும் சுவராக இருந்திருக்கும். 2019இல் மைக்கேல் ரொசாட்டோ அதில் ஓர் ஓவியம் வரைந்தார், செங்கல் சுவரை உடைத்துக்கொண்டு டப்மன் நம்மை நோக்கிக் கை நீட்டுகிறார். பிள்ளைகள் ஓடிப்போய் அந்தக் கையைத் தொடுவார்கள், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தெருவைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒருகாலத்தில் வெள்ளையர் பகுதிக்கும் கறுப்பர் பகுதிக்கும் நடுவே எல்லையாக இருந்த தெரு அது. 1963இல் குளோரியா ரிச்சர்ட்சன் என்ற பெண்மணி நடத்திய சம உரிமைப் போராட்டத்தின்போது மேரிலண்ட் தேசியக் காவல் படை இந்தச் சின்ன ஊருக்குள் வந்து ஏறக்குறைய ஒரு வருடம் முகாமிட்டிருந்தது. துப்பாக்கிக் கத்தியை அவர் கையால் ஒதுக்கிவிட்டு நடக்கும் புகைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் 2021இல் காலமானார். 2024 நவம்பர் 11 அன்று, அதே தேசியக் காவல் படையில் பிரிகேடியர் ஜெனரல் என்ற பதவியை டப்மனுக்கு மறைவுக்குப் பின் கொடுத்தார்கள், விழாவும் இந்தக் கவுண்டியிலேயே சர்ச் க்ரீக்கில் உள்ள டப்மன் பூங்காவில்தான் நடந்தது. உள்நாட்டுப் போரில் 1863இல் தென் கரோலினாவின் காம்பாஹீ ஆற்றில் படையோடு போய் எழுநூறுக்கும் மேற்பட்டவர்களை விடுவித்தவருக்கு, அந்தப் பதவி நூற்று அறுபது வருடம் கழித்து வந்தது. இதைத் தெரிந்துகொண்டு அந்த ஊரில் நடந்தால் ஒவ்வொரு தெருமுனையும் வேறு மாதிரி தெரிகிறது.

டப்மன் பார்வையாளர் மையம் 2017லேயே திறந்துவிட்டது, அதனால் நீங்கள் பார்த்திருக்கலாம். அனுமதி இலவசம், பெற்றோர் உட்கார்ந்து பார்க்க வசதியான இடம், மறுபடி போனாலும் தப்பில்லை. ஏனென்றால் நீங்கள் போன பிறகு இந்தக் கதையில் ஒரு புதுப் பக்கம் சேர்ந்திருக்கிறது. டப்மனின் அப்பா பென் ராஸ் மரம் வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். அவருடைய எஜமானன் 1836இல் இறந்தபோது, ஐந்து வருடம் கழித்து இவருக்கு விடுதலையும் வாழ்நாள் வரை பத்து ஏக்கர் நிலமும் என்று உயில் எழுதி வைத்திருந்தான். அந்தப் பத்து ஏக்கர் எங்கே என்று யாருக்கும் தெரியாமலே இருந்தது. மாநிலத் தொல்லியல் குழு ஜூலி ஷாப்லிட்ஸ்கி தலைமையில் காட்டுக்குள் குழி குழியாகத் தோண்டிப் பார்த்தது, முதலில் கிடைத்தது 1808ஆம் வருடத்து நாணயம் ஒன்று. பென்னும் டப்மனின் அம்மா ரிட்டும் கல்யாணம் பண்ணிக்கொண்ட வருடம் என்று சொல்லப்படுவதும் அந்த வருடம்தான். அப்புறம் பீங்கான் துண்டுகள், ஆணிகள், செங்கற்கள். 2021 ஏப்ரலில் அறிவித்தார்கள். பெண்ணுக்குக் காட்டில் வழி கண்டுபிடிக்கவும் சத்தமில்லாமல் நடக்கவும் சொல்லிக்கொடுத்த அப்பாவின் வீடு அது. அந்த இடம் சேறும் தண்ணீருமாக இருப்பதால் உள்ளே போய்ப் பார்க்கிற மாதிரி இல்லை.

அந்த வீடு எப்படிக் கிடைத்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பக்கத்தில் உள்ள பிளாக்வாட்டர் வனவிலங்குக் காப்பகத்தின் சதுப்பு நிலத்தைக் கடல் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறது. 1930களிலிருந்து ஐயாயிரம் ஏக்கருக்கு மேல் போய்விட்டது. போனதுக்கு ஈடாக 2020இல் மத்திய அரசு 2,600 ஏக்கர் நிலத்தை வாங்கியது, பென் ராஸ் நிலம் அதற்குள் இருந்தது. அதுவும் தாழ்வான நிலம்தான், தண்ணீர் அங்கேயும் ஏறிக்கொண்டிருக்கிறது, முழுகும் முன் தேடிவிட வேண்டும் என்று தேடினார்கள். இந்தக் கவுண்டியில் புதிது என்று நான் எதைச் சொன்னாலும் அது கடைசியில் இந்தத் தண்ணீரில்தான் வந்து முட்டுகிறது. கடல்மட்டம் ஏறுகிறது என்பது ஒரு பக்கம், தரையே இங்கே இறங்குகிறது என்பது இன்னொரு பக்கம். பல்லாயிரம் வருடம் முன் வடக்கே இருந்த பனிப்பாறையின் பாரத்தில் அந்தப் பக்கத் தரை அமுங்க, இந்தப் பக்கம் எழும்பி நின்றதாம். பனி உருகிப் பாரம் போனதும் எழும்பியது இன்னும் மெல்லத் தாழ்ந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவதாக ஒரு எதிரியும் இருந்தது, அது ஒழிந்துவிட்டது என்பது நல்ல செய்தி. நியூட்ரியா என்று தென் அமெரிக்காவிலிருந்து வந்த, பூனையை விடப் பெரிய எலி இனம். ரோமத்துக்காக 1940களில் இங்கே கொண்டுவந்தார்கள். சதுப்புப் புல்லை வேரோடு தின்னும், வேர் போனால் மண் கரையும். 2002இல் தொடங்கிப் படகிலும் நாயோடும் நடந்தும் தேடித்தேடி சுமார் 14,000 பிடித்தார்கள், கடைசியாக ஒன்று பிடிபட்டது 2015இல், அதன்பிறகும் ஏழு வருடம் தேடிப் பார்த்துவிட்டு 2022 செப்டம்பரில்தான் முழுக்க ஒழிந்தது என்று அறிவித்தார்கள். இப்படிப் பொறுமையாக ஒரு வேலையை முடித்தவர்களை நினைத்தால் எனக்கு மனசு நிறைகிறது.

பிளாக்வாட்டரில் நாலு மைல் சுற்றுச் சாலை இருக்கிறது, காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம், பெற்றோரோடு போகிறவர்களுக்கு அதுதான் சௌகரியம். போக வேண்டிய காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. வெள்ளை வாத்துகள் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் எழும்பும்போது வரும் இரைச்சலை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. அன்னங்கள் வரும். வெண்தலைக் கழுகு எப்போதும் இருக்கும், செத்து வெள்ளையாக நிற்கும் பைன் மரங்களின் உச்சியில் பாருங்கள். அந்த மரங்கள் உப்புத் தண்ணீர் வேரில் ஏறிச் செத்தவை. படத்துக்கு அழகாக விழும், பிள்ளைகளிடம் அது ஏன் அப்படி நிற்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கோடையில் போகவே போகாதீர்கள், கொசுவும் கடிக்கிற ஈயும் காரை விட்டு இறங்க விடாது, ஒரு ஜூலையில் என் பையன் உடம்பெல்லாம் தடித்து வீங்கி இரவு முழுக்கத் தூங்கவில்லை.

நேரம் இருந்தால் தெற்கே ஹூப்பர்ஸ் தீவு வரை போய்ப் பாருங்கள், ஆனால் ஓதம் ஏறும் நேரத்தைப் போனில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பௌர்ணமியை ஒட்டி ஒருமுறை போனேன், சாலை எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை, திரும்பிவிட்டேன். அது உப்புத் தண்ணீர், காருக்கு அடியில் பட்டால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அந்தத் தீவுக்கு மேற்கே பேரன் தீவு தெரியும். அதையும் வடக்கே ஜேம்ஸ் தீவையும் மறுபடி மண் போட்டு எழுப்புகிறார்கள், கப்பல் வழியைத் தூர்வாரும் மண்ணை வைத்து, இரண்டும் சேர்ந்து 2,144 ஏக்கர் திட்டம். பேரன் தீவில் வேலை தொடங்கிவிட்டது. ஹாலண்ட் தீவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நூறு வருடம் முன் முன்னூறு பேருக்கு மேல் வாழ்ந்த ஊர், 1888இல் கட்டிய கடைசி வீடு 2010 அக்டோபரில் தண்ணீரில் சரிந்து விழுந்தது. அதுவும் இதே கவுண்டிதான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நீல நண்டுதான், வேறு யோசனையே வேண்டாம். கேம்பிரிட்ஜில் 1890லிருந்து நடக்கும் ஜே.எம். கிளேட்டன் நண்டுத் தொழிற்கூடம் இன்னும் இயங்குகிறது. ஹூப்பர்ஸ் தீவில் ஓட்டை உடைத்துச் சதை எடுக்கும் வேலையை மெக்சிகோவிலிருந்து பருவத்துக்குப் பருவம் வரும் பெண்கள் செய்கிறார்கள், அவர்கள் விசா தாமதமானால் அந்தப் பட்டறைகள் படுத்துவிடும். கடையில் மேசைமேல் காகிதம் விரித்து ஆவியில் வெந்த நண்டைக் கொட்டி ஆளுக்கொரு மரச்சுத்தியல் கொடுப்பார்கள். மேலே ஓல்ட் பே மசாலா அப்பியிருக்கும். அம்மா விரலில் தொட்டு நாக்கில் வைத்து, மிளகு தெரியுது, ஓமம் மாதிரி என்னமோ ஒண்ணு இருக்கு என்றார். அது செலரி விதை, ஓமத்துக்குச் சொந்தம்தான். ஆண் நண்டா பெட்டையா என்று பார்க்க இந்த ஊர்க்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: வயிற்றுப் பக்கம் வாஷிங்டன் நினைவுத்தூண் மாதிரி ஒடுங்கி நீண்டிருந்தால் ஆண், கேபிடல் கட்டடத்துக் கூரை மாதிரி அகன்றிருந்தால் பெட்டை. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும். உயிர் நண்டாக டஜன் கணக்கில் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் மிளகு போட்டுக் குழம்பு வைப்பதும் உண்டு, அப்படியென்றால் ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள், ஐஸ் உருகின தண்ணீரில் நண்டு ஊறக்கூடாது, செத்துவிடும். குளிர்காலத்தில் உயிர் நண்டு கிடைக்காது. பறவையும் நண்டும் ஒரே நாளில் வேண்டுமென்றால் நவம்பர் முதல் வாரம் பாருங்கள்.

நான் போகிற வரிசை இதுதான். காலையில் எட்டு மணிக்குள் பே பிரிட்ஜைத் தாண்டிவிடுவது, கோர்ட்டும் சுவரோவியமும் பார்ப்பது, படகுத்துறையில் கலங்கரை விளக்கம் அருகே கொஞ்ச நேரம், மதியம் நண்டு, பிறகு பக்டவுன் கடைச் சந்திப்பு. சிறுமி டப்மனின் தலையில் கங்காணி எறிந்த இரண்டு பவுண்டு எடைக்கல் வந்து பட்ட இடம் அது, அந்த அடியால் வந்த வலிப்பு அவரை ஆயுள் முழுக்க விடவில்லை. அங்கிருந்து டப்மன் மையம், கடைசியில் பொழுது சாயும் நேரத்துக்கு பிளாக்வாட்டர் சுற்றுச் சாலை. கேம்பிரிட்ஜை விட்டுத் தெற்கே திரும்பும் முன் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், பெற்றோரை ஒருமுறை பாத்ரூம் போய்வரச் சொல்லுங்கள். அதற்கப்புறம் நெடுந்தூரத்துக்குப் புல்லும் தண்ணீரும்தான்.