தட்டைக் கண்டால் பயம், படத்தைக் கண்டால் பசி

கேள்வி: என் தங்கைக்கு வயது 19. அனோரெக்சியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் நோய்) என்று சொல்லி, மனநல மருத்துவரிடம் சிகிச்சை எடுக்கிறாள். மணிக்கணக்கில் சமையல் வீடியோ பார்க்கிறாள். எங்களுக்கு ஆசையாகச் சமைத்தும் போடுகிறாள். ஆனால் அவள் முன்னால் தட்டை வைத்தால் முகம் வெளிறிவிடுகிறது. நான் நேர் எதிர். பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, இரவில் போனில் ஒரு சாப்பாட்டுப் படம் கண்ணில் பட்டால் போதும், வயிறு வலிக்கும்வரை சாப்பிட்டுவிட்டு அழுகிறேன். அவளுக்குப் பிடிவாதம், எனக்கு வாய்க்கட்டு இல்லை என்கிறார்கள் வீட்டில். மூளையில்தான் ஏதாவது கோளாறா?

பதில்: உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள் என்றுதான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. பிடிவாதம், வாய்க்கட்டு என்ற பேச்சு இரண்டு பேரையும் நோகடிக்கிறது. நோயை ஒரு அடிகூட நகர்த்தாது.

உணவைப் பார்த்ததும், அது நாக்கில் படுவதற்கு முன்பே உடல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. எச்சில் ஊறும், இன்சுலின்கூடக் கொஞ்சம் சுரக்கும். மூளையில் டோபமைன் என்ற ரசாயனம், இது எவ்வளவு சுகம் தரும் என்று கணக்குப் போடும். நினைத்ததைவிட அதிகம் கிடைத்தால் டோபமைன் எகிறும். கிடைக்காமல் போனால் சரியும். அடுத்த முறை எதைத் தேடிப் போவது என்று மூளை கற்றுக்கொள்வது இப்படித்தான்.

தங்கை ஏன் வீடியோ பார்க்கிறாள்? பட்டினி கிடக்கும் மூளை சாப்பாட்டைத் தவிர வேறொன்றையும் நினைக்காது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் தாங்களாகவே முன்வந்தவர்கள்; உடல் எடையில் சுமார் கால்வாசியை இழந்தார்கள். அதற்கு முன் சமையலில் அக்கறையே இல்லாத சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். கனவிலும் சாப்பாடு வந்தது. அனோரெக்சியாவிலும் பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பொதுவாக உயர்ந்தே இருக்கிறது. ஆக, அவளுக்குப் பசி இருக்கிறது. அவள் உங்களை ஏமாற்றவில்லை.

பசி இருந்தும் தட்டைக் கண்டு ஏன் நடுங்குகிறாள் என்பதுதான் இந்த நோயின் கடினமான இடம். கைடோ ஃபிராங்க் என்ற மனநல மருத்துவரின் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பல வகை உணவுக் கோளாறு உள்ள பெண்களுக்கு இனிப்புச் சுவையை எதிர்பாராமல் கொடுத்தும், வரும் என்று நினைத்தபோது கொடுக்காமலும், மூளையை ஸ்கேனில் பார்த்தார்கள். ஆரோக்கியமானவர்களிடம், பசியைக் கவனிக்கும் ஹைபோதலாமஸ்தான் ஆசையைக் கவனிக்கும் பகுதியை இயக்கியது. உணவுக் கோளாறு உள்ளவர்களிடம் அந்தத் திசை தலைகீழாக இருந்தது. பயமும் கட்டுப்பாடும் மேலேயிருந்து பசியை அடக்குவதற்கு வழி இதுதானோ என்று அவர்கள் கருதுகிறார்கள். அதே ஆய்வில், எதிர்பாராத சுவைக்கு மூளை காட்டும் எதிர்வினை அனோரெக்சியாவில் கூடுதலாகவும், அளவுமீறிச் சாப்பிடுபவர்களிடம் குறைவாகவும் இருந்தது. நீங்கள் இருவரும் எதிரெதிர் என்று எழுதியிருந்தீர்கள். ஸ்கேனிலும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரிகிறது.

2015இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அனோரெக்சியா உள்ளவர்கள் கொழுப்புக் குறைந்த உணவைத் தேர்ந்தெடுக்கும்போது, பழக்கத்தைப் பதிய வைக்கும் மூளைப் பகுதி வேலை செய்கிறது என்று அதில் கண்டார்கள். அதாவது ஒவ்வொரு வேளையும் அவள் யோசித்து மறுப்பதில்லை, ஊறிப்போன பழக்கம் மறுக்கிறது. அதனால்தான் தட்டின் முன்னால் நியாயம் பேசி அவளை ஜெயிக்க முடிவதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இவையெல்லாம் பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரி. ஒருவரை ஸ்கேன் எடுத்து இந்த நோய் என்று சொல்ல முடியாது, அதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் பகல் பட்டினிதான் இரவின் காரணம். காலியான வயிறு, ஏறிய கிரெலின், அதன்மேல் பழகிப்போன ஒரு தூண்டல்: போன், தனிமை, அந்த நேரம். படத்தை எதிர்த்துப் போராடுவதற்கு முன் பட்டினியை நிறுத்துங்கள். மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு சிறு தீனி, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். முதல் வாரங்களில் எடை கூடிவிடுமோ என்று பயமாக இருக்கும். பலருக்கு இரவுப் பிடி தளர்வதும் அப்போதுதான். கூடவே, எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் அறிதல்-நடத்தைச் சிகிச்சைக்கு அளவுமீறி உண்ணும் கோளாறில் நல்ல பலன் உண்டு.

தங்கைக்கு உணவுதான் மருந்து. எடை மீண்டால், பட்டினியால் சுருங்கிய மூளைத் திசுவும் பெரும்பாலும் மீள்கிறது. அவளுடைய வீடியோக்களைப் பிடுங்காதீர்கள்; வயிறு நிறைய நிறைய அந்த மோகம் தானாகக் குறையும். ஆனால் நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென நிறைய ஊட்டினால் ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். எவ்வளவு, எப்படிக் கூட்டுவது என்பதை அவளுடைய மருத்துவரே சொல்ல வேண்டும். மயக்கம், படபடப்பு, மிக மெதுவான நாடித்துடிப்பு, வாந்தி எடுக்கும் பழக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அப்புறம், அவளை அழைத்துப் போகும் அடுத்த முறை உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் போடுங்கள். இதுவரை அவளைப் பற்றி மட்டும்தான் மருத்துவரிடம் பேசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.