தெருவுக்கு ஒரு டிவி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஊர் திருமங்கலம், வயது ஐம்பது. எங்கள் தலைமுறை கொடுத்து வைத்தது என்று நினைக்கிறேன். தெருவில் ஒரு வீட்டில்தான் டிவி. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்றால் மொத்தத் தெருவும் அந்த வீட்டில்தான் இருக்கும். சாதி, மதம் எதுவும் பார்த்ததில்லை. இன்றைக்கு என் வீட்டில் நாலு பேர், நாலு போன், நாலு மூலை. கல்லூரியில் படிக்கும் பையனுக்கு நம் காலத்துப் பாட்டு ஒன்றுகூடத் தெரியாது. பிளஸ் டூ படிக்கும் மகளின் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பையனிடம் சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான். நான் செய்தது சரிதானே? இந்தத் தலைமுறையைப் போன் கெடுத்துவிட்டது என்று நீங்களாவது எழுதுங்கள்.

(பெயர் வேண்டாம்)
திருமங்கலம்

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அந்த டிவி வீட்டைப் பற்றிப் பேசிவிடலாம். நான் உசிலம்பட்டிப் பக்கம் வளர்ந்தவள். கொடைக்கானல் மலையிலிருந்து தூர்தர்ஷன் நம் பக்கம் தெளிவாகத் தெரிய ஆரம்பித்தது எண்பதுகளின் பிற்பகுதியில். எங்கள் தெருவிலும் ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்தது. கட்டிலில் வீட்டு ஆண்கள் உட்காருவார்கள். தரையில் சொந்தக்காரப் பெண்களும் பிள்ளைகளும். அந்த வீட்டு வயலில் நாற்று நட வருகிறவர்களின் பிள்ளைகள் வெளியே, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எட்டாத பிள்ளைகள் செங்கல்லை அடுக்கி அதன்மேல் ஏறிக்கொள்ளும். கொசு வருகிறது என்று வீட்டுக்காரம்மா ஜன்னல் கதவைச் சாத்திவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு அதோடு சரி. உள்ளே வராதே என்று அவர்களிடம் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

உங்கள் தெருவில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். மொத்தத் தெருவும் என்று நீங்கள் சொல்வதில் தலித் மக்கள் இருக்கும் காலனி இருந்ததா?

2006-ல் அரசு 14 அங்குல கலர் டிவியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது ஓட்டுக்காகக் கொடுக்கிறார்கள் என்று பலர் பேசினார்கள். அந்தக் கணக்கு இருந்திருக்கட்டும். எங்கள் ஊர்க் காலனி வீடுகளுக்குள் அந்தப் பெட்டி போன பிறகு ஒரு பிள்ளையும் இன்னொருவர் வீட்டு ஜன்னலில் தொங்கவில்லை. வீட்டுக்கு ஒரு டிவி வந்ததால் தெரு ஒற்றுமை போனது என்று யாராவது வருத்தப்பட்டால் எனக்கு அந்தச் செங்கல்தான் ஞாபகம் வருகிறது.

டிவிக்கு முன்னால் டீக்கடை ரேடியோ. இலங்கை வானொலி கே.எஸ்.ராஜா மாதிரி, பி.எச்.அப்துல் ஹமீத் மாதிரி அப்படியே பேசிக் காட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய பேர். எல்லோரும் ஆண்கள். பெண்பிள்ளைகளுக்கு அது பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் காதில் விழும் அரைப் பாட்டு. நின்று கேட்டால் வீட்டுக்குப் பேச்சு வந்துவிடும். டூரிங் டாக்கீஸில் பெண்கள் பக்கம் என்று தடுத்து வைத்திருப்பார்கள். ஆனால் வயசுக்கு வந்த பிறகு அங்கே போவதற்கே துணை வேண்டும், அனுமதி வேண்டும்.

யாரிடமும் கேட்காமல் எங்களைத் தேடி வந்தது குழாய் ஒலிபெருக்கி மட்டும்தான். திருவிழா, காதுகுத்து என்றால் சவுண்ட் சர்வீஸ்காரர் வேப்பமரத்தில் ஏறி, இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி குழாய்களைக் கட்டுவார். விடிகாலையில் சீர்காழி கோவிந்தராஜன், பிள்ளையார் பாட்டு. அப்புறம் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. அதை ஒட்டியே நாகூர் ஹனிபா. அம்மன் கோயில் கொடையில் ஹனிபா பாட்டு ஒலிப்பதை யாரும் விசேஷமாக நினைத்ததில்லை. காதுகுத்து வீட்டில் நடுவில் பாட்டை நிறுத்தி மொய் வாசிப்பார்கள், தாய்மாமன் எவ்வளவு செய்தார் என்பது பக்கத்து ஊருக்கும் தெரிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திருவிளையாடல் கதைவசனம். 1965-ல் வந்த படம். என் அம்மா அதைத் தியேட்டரில் பார்த்ததே இல்லை. ஆனால் தருமி புலம்புகிற இடம் வந்தால் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டே நாகேஷுக்கு ஒரு வார்த்தை முன்னால் பேசிக்கொண்டு போவாள். சிவாஜி வாதாடும் இடத்தில் கை நின்றுவிடும். மதுரையில் பாண்டியன் சபையில் நடக்கிற கதை. மதுரைக்குப் போக அவளுக்கு வருஷத்தில் ஒரு தடவை வாய்த்தால் பெரிது.

குழாயில் வருவதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எங்கள் யாருக்கும் இல்லை. பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றாகத்தான் வந்து விழுந்தன. அதனால்தான் வேறு சாமியின் பாட்டும், அப்பா காலத்துப் பாட்டும் எங்களுக்குத் தெரிந்தன. நீங்கள் இழந்ததாக நினைப்பது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. தேர்ந்தெடுப்பது கேசட்டில் ஆரம்பித்தது. 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு, தாளில் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்க வேண்டும். பட்டியலை அண்ணன்கள் எழுதுவார்கள், நாங்கள் கெஞ்சி ஒன்றிரண்டைச் சேர்ப்போம்.

இன்றைக்கு ஒரு பெண்பிள்ளை யாரிடமும் கெஞ்சாமல் தனக்குப் பிடித்ததைக் கேட்கிறாள். எனக்குக் கிடைக்காத ஒன்று அவளுக்குக் கிடைத்திருக்கும்போது அதைக் கேடு என்று எழுத எனக்குக் கை வராது.

பையனுக்குப் பழைய பாட்டு தெரியாது என்கிறீர்கள். 2024-ல் மஞ்சும்மல் பாய்ஸ் மலையாளப் படம் நம் ஊர் தியேட்டர்களுக்கு வந்தது. 1991-ல் வந்த குணா படத்துப் பாட்டு அதில் ஒலித்தபோது, அந்தப் பாட்டுக்குப் பல வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளைகள் கூடவே பாடினார்கள். கொடைக்கானல் குகைக்குள் விழுந்த ஒருவனைக் கூட்டாளிகள் மீட்கிறதுதான் அந்த மலையாளப் படத்தின் கதை. அப்பாமார்கள் கொடுக்காத பாட்டைக் கொச்சிப் பக்கத்துப் பையன்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். உங்கள் மகனிடம் கேட்டுப் பாருங்கள், அவனுக்கும் தெரிந்திருக்கலாம்.

எனக்குப் பயம் வேறொன்றில். நேற்று எதைப் பார்த்தாயோ அதையே போன் இன்றைக்கும் எடுத்து நீட்டுகிறது. சாதிப் பெருமை பேசுகிற வீடியோ ஒன்றை ஒரு பையன் கடைசிவரை பார்த்தால் அடுத்து அதே மாதிரி நாலு வரும். அப்புறம் அவன் உலகமே அதுதான் என்று ஆகிவிடும். நம் பக்கத்துப் பையன்களின் வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பார்க்கிறீர்களா? பைக், அரிவாள், தலைவர் படம், பின்னால் ஒரு சினிமாப் பாட்டில் வெட்டி எடுத்த சில நொடிகள். குழாயிலும் சாதிப் பாட்டு போட்டிருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது எதிர்த்தெருவுக்கும் கேட்டது. ஆட்சேபித்தார்கள், சண்டை வந்தது, சில சமயம் பெரியவர்கள் பேசி நிறுத்தினார்கள். இயர்போனில் ஒலிப்பது எதிர்த்தெருவுக்குக் கேட்காது. பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அப்பாவுக்கும் கேட்காது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். போன்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், சாதி போனுக்கு மூத்தது. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதி அடையாளக் கயிறு கட்டக் கூடாது என்று 2024-ல் பரிந்துரைத்தது. கையில் இருக்கும் கயிற்றை வாத்தியார் பள்ளிக்கூட வாசலில் கழற்றச் சொல்லலாம். போனுக்குள் இருப்பதை வீடுதான் பார்க்க வேண்டும். பெற்றோர் போனைப் பற்றிப் பேசும்போது ரீல்ஸ், நேரம், கண், மார்க் எல்லாம் வருகிறது. இது வருவதே இல்லை.

இப்போது உங்கள் பீரோவுக்கு வருகிறேன். பையன் கேட்க மாட்டான் என்பதால் விட்டுவிட்டீர்கள். மகள் கேட்பாள் என்பதால் பூட்டிவிட்டீர்கள். டீக்கடைப் பக்கம் நிற்காதே என்று எங்களைத் தடுத்தார்கள். அப்போது மானம் காரணம், இப்போது படிப்பு காரணம். தயவுசெய்து அந்தப் போனை எடுத்து அவளிடம் கொடுத்துவிடுங்கள். பரீட்சை நேரம், கட்டுப்பாடு வேண்டும் என்றால் வையுங்கள். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கட்டுப்பாடாக இருக்கட்டும். ராத்திரி பத்து மணிக்கு நாலு போனும் ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. அவள் என்ன பார்க்கிறாள், என்ன கேட்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டச் சொல்லுங்கள். சோதனை போடுகிற மாதிரி வேண்டாம்.

பையனின் ஸ்டேட்டஸை இன்றைக்கே பாருங்கள். உங்களுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தால் ஏன் என்று அவனிடமே கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா